கடைசிப் பத்து நாள்

விழாவுக்கு 21 நாள் இருக்கும்போது 1,200 டிக்கெட்டில் 310தான் விற்றிருந்தது. காலையில் கண் விழித்ததும் அந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பேன். ஒரு நாள் 4 கூடும், மறுநாள் 2. ஒரு நாள் ஒன்று குறைந்தே போனது. யாரோ பணத்தைத் திருப்பிக் கேட்டிருந்தார்.

திறந்தவெளியில் ஒருநாள் இசை விழா, ஆறு குழுக்கள். நடத்தியவர்கள் நாங்கள் மூன்று பேர். மூவருக்கும் வேறு வேலை உண்டு. பின்னால் பெரிய நிறுவனம் எதுவும் இல்லை. அதற்கு முன் 200 பேர் கொள்ளும் அரங்குகளில் நிகழ்ச்சி நடத்திய பழக்கம்தான். அரங்கில் மேடை, மின்சாரம், கழிப்பறை, கதவு எல்லாம் ஏற்கெனவே இருக்கும். வெட்டவெளியில் அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரசீது. வாசிக்க வருபவர்களுக்குக் கொடுத்ததைவிட வேலிக்கும் ஜெனரேட்டருக்கும் காவலர்களுக்கும் முதலுதவிக்கும் அதிகம் போனது. கூட்டம் பாதியாகக் குறைந்தாலும் இந்தச் செலவு பாதியாவதில்லை. 900 டிக்கெட் விற்றால்தான் கைக்காசு கரையாது என்று கணக்கு சொன்னது.

முதல் அடி குழுக்களைப் பிடிப்பதிலேயே விழுந்தது. நாங்கள் விரும்பிய குழுவுக்கும் வர ஆசைதான். ஆனால் அவர்கள் ஒரு பெரிய விழாவுக்கு முன்பே கையெழுத்திட்டிருந்தார்கள். அந்த விழாவுக்கு முன்னும் பின்னும் சில மாதங்கள், குறிப்பிட்ட தொலைவுக்குள் வேறெங்கும் வாசிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி. இத்தொழிலில் இது வழக்கம்தான். கொட்டிக் கொடுக்கிறவர் தம் கூட்டத்தைக் காத்துக்கொள்கிறார், அதைத் தப்பென்று சொல்ல முடியவில்லை. எரிச்சல் மட்டும் இன்னும் போகவில்லை.

அடுத்துக் கிடைத்த குழுவின் முகவர் பாதித் தொகையை முன்பணமாகக் கேட்டார். மீதி மேடை ஏறுவதற்கு முன். மேடை போடுபவருக்கும் ஒலி அமைப்புக்காரருக்கும் அதேபோல் பாதி. காப்பீட்டுக்கு முழுத்தொகை. விற்ற டிக்கெட்டின் பணமோ எங்கள் கைக்கு வராது. விழா முடியும்வரை விற்பனைத் தளத்திடமே இருக்கும். விழா ரத்தானால் மக்களுக்குத் திருப்பித் தர வேண்டுமே என்பது அவர்கள் நியாயம். ஆக, லாபமா நஷ்டமா என்ற கேள்வி வருவதற்கு வெகு முன்பே நாங்கள் எல்லோருக்கும் கடன் கொடுத்தவர்கள் ஆகிவிட்டோம். நண்பர் சேமிப்பை உடைத்தார். நான் வட்டிக்கு வாங்கினேன். இந்த இடைவெளியைப் பற்றி முன்பே யாராவது சொல்லியிருந்தால், சுவரொட்டி அச்சிடும் முன் வரவு-செலவைத் தேதிவாரியாக எழுதியிருப்பேன்.

(அமெரிக்காவில் 1969இல் நடந்த வுட்ஸ்டாக் இசை விழாவில் நேரம் போதாமல் மேடையா, வேலியா என்று வந்தபோது மேடையைத் தேர்ந்தார்கள், விழா இலவசமாகிப்போனது. அமைப்பாளர்கள் பத்து லட்சம் டாலருக்கும் மேல் கடனோடு நின்றார்கள். வேலிக்காரருக்கு முன்பணம் கொடுத்த அன்று இதை நினைத்துக்கொண்டேன்.)

காப்பீட்டுப் பத்திரத்தை வரி வரியாகப் படித்தது நல்லதாயிற்று. ரத்துக்கான காப்பீட்டில் மழையும் காற்றும் சேரவில்லை, அதற்குத் தனித்தொகை. கலைஞர் வராமல் போனால் அதற்கும் தனி. தொற்றுநோய் வெளிப்படையாகவே விலக்கப்பட்டிருந்தது. 2020 எல்லோருக்கும் கற்பித்த பாடம். வானிலைக்கு மட்டும் கட்டினோம். கலைஞர் வந்து சேர்வார் என்று நம்பினோம்.

அனுமதி தருவதற்குப் பக்கத்து வீட்டு வாசலில் அளக்கும் டெசிபலுக்கு ஒரு வரம்பு வைத்தார்கள். ஒலிப் பொறியாளர் சிரித்தார். சாதாரணமாக அளக்கும் முறையில் தாழ்ந்த சுருதியில் அதிரும் ஒலி (பேஸ்) குறைவாகத்தான் பதிவாகும், சுவரைத் தாண்டிப் போய் ஆளை எழுப்புவது அதுதான் என்றார். அவர் சொன்னபடி மேடையையே வேறு திசைக்குத் திருப்பினோம். செலவே இல்லாமல் முடிந்த ஒரே வேலை அது.

பத்து நாள் இருக்கும்போது எண்ணிக்கை 402. ரத்து செய்துவிடலாமா என்று ஓர் இரவு முழுக்கப் பேசினோம். ரத்து செய்தாலும் கொடுத்த முன்பணங்கள் திரும்பாது, மிச்சமாவது கொஞ்சம்தான் என்பதால் தொடர்ந்தோம். துணிச்சல் என்று யாரும் நினைக்க வேண்டாம். அடுத்த சில நாட்களில் மக்கள் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டு வாங்கத் தொடங்கினார்கள். விழாவுக்கு முந்தின இரவு மட்டும் 180. முடிவில் 934.

நான்காவது குழு வாசிக்கும்போது காற்று எழுந்தது. மேடைக் கூரையில் பொருத்திய காற்றுமானியின் எண்களை மேடைப் பொறுப்பாளர் கைக்கருவியில் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒப்புக்கொண்ட வேகத்தைத் தொட்டதும் என்னிடம் கேட்கவில்லை. கையை உயர்த்தினார், பக்கத் திரைகளை அவிழ்த்து இறக்கினார்கள், இசை நின்றது. கூட்டத்தில் கூச்சல். 2011இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலக் கண்காட்சியில் காற்றில் மேடைக் கூரை சரிந்து 7 பேர் இறந்ததை அறிந்தவர் அவர். நாற்பது நிமிடம் காத்திருந்தோம். பாடகி ஒலிவாங்கி இல்லாமலே முன்வரிசைக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார்.

டிக்கெட் பணம் ஒன்பதாவது வேலை நாளில் வந்தது. அதுவரை மேடை போட்டவர் நாள்தோறும் அழைத்து, நலம் விசாரித்துவிட்டு வைத்தார். கூடுதலாக விற்ற 34 டிக்கெட்டின் பணம், வண்டி நிறுத்துமிடச் சேற்றில் விரித்த பலகைகளின் வாடகைக்கே போதவில்லை.

அடுத்த முறைக்கு 400 பேர் கொள்ளும் உள்ளரங்கம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். கழிப்பறை இருக்கிறது.