எட்டு வயதும் முப்பத்திரண்டு வயதும்

யாழ்ப்பாணத்து உடுவில் மகளிர் கல்லூரியின் பழைய மாணவிகள் மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது, கல்லூரியில் கற்ற விசுவாசம் பிறகு வாழ்க்கையில் எப்படி உதவியது என்று ஒரு கட்டுரை. அப்படியே எழுதப்போனால் காலைப் பிரார்த்தனை, மனப்பாட வசனம், நத்தார் கரோல் என்று எல்லாரும் எழுதுவதைத்தான் நானும் எழுதுவேன். அதனால் அந்தக் காலத்தில் நம் பள்ளியை நடத்திய அமெரிக்க மிசனரி எலைசா அக்னியூ அம்மையாரைப் பற்றி எழுதுகிறேன். உடுவிலில் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாமல் இராது. பலருக்குப் பெயர் மட்டும்தான் தெரியும்.

எனக்கு அவரைக் காட்டித் தந்தது புவியியல் பாடம். ஒருநாள் ரீச்சர் உலகப்படத்தைத் தொங்கவிட்டு, தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூலை எடுத்து ஒரு நுனியைக் குண்டூசியால் பாஸ்டன் துறைமுகத்தில் குத்தினார்.

"பிள்ளையள், இதில இருந்து இலங்கைக்கு எப்பிடி வாறது?"

முன்வாங்கில் இருந்த கெட்டிக்காரி எழும்பி, "சூயஸ் கால்வாயால, ரீச்சர்" என்றாள்.

"1839இல வாறவைக்கு சூயஸ் எங்க இருந்தது? அது திறந்தது 1869இல. இரும்."

நூல் அத்திலாந்திக்கில் இறங்கி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, இந்து சமுத்திரத்தில் ஏறி யாழ்ப்பாணத்தில் வந்து நின்றது. 1839 ஜூலை முடிவில் கப்பலேறிய எலைசா அக்னியூ 1840 ஜனவரியில் இங்கே வந்து சேர்ந்தார் என்று ரீச்சர் சொன்னார். நியூயோர்க்கில் எட்டு வயதுச் சிறுமியாக இருந்தபோது இப்படி ஒரு புவியியல் வகுப்பில்தான், இயேசுவை அறியாத நாடுகளுக்குப் போகவேண்டும் என்று அவர் தீர்மானித்தாராம். மணி அடித்துவிட்டது. அன்றைக்கு எங்கள் வகுப்பில் பாதிப்பேர் மிசனரி ஆவதென்று முடிவெடுத்தோம். ஓ எல் சோதனை கிட்ட வந்ததும் அது மறந்துபோனது, அது வேறு விசயம்.

பிறகு ரொறன்ரோவுக்கு வந்த காலத்தில்தான் மிச்சக் கதையை வாசித்தேன். அவர் பிறந்தது 1807இல். எட்டு வயதில் தீர்மானித்தவர் கப்பல் ஏறும்போது வயது 32. இடையில் இருபத்து நான்கு வருடம்! பயமோ மனமாற்றமோ காரணமில்லை. தாய் தகப்பன் இருந்தார்கள். அவர்களைப் பார்ப்பதுதான் முதற் கடமை என்று வீட்டோடு நின்றார். இரண்டு பேரும் காலமான பிறகே அமெரிக்க மிசனிடம் போய், என்னை அனுப்புங்கள் என்று கேட்டார்.

இந்தப் பகுதியை ரீச்சர் ஏன் சொல்லவில்லை என்று யோசித்திருக்கிறேன். ஒருவேளை மணி அடித்ததுதான் காரணம். எட்டு வயதுக் கதை பிரசங்கத்துக்கு வாய்ப்பானது, இருபத்து நான்கு வருடம் வீட்டில் கஞ்சி காய்ச்சியதை வைத்து என்ன பிரசங்கம் செய்வது? எனக்கு உதவியது அந்த இரண்டாவது பகுதிதான்.

இறையியல் படிக்க பெங்களூர் போகவேண்டும் என்று எனக்கொரு ஆசை இருந்தது. அதற்குள் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. இரவில் முதியோர் இல்லத்தில் வேலை, பகலில் வீட்டில் அம்மா. இரண்டு இடத்திலும் ஒரே வேலைதான்: புரட்டிப் படுக்கவைப்பது, துடைப்பது, கரண்டியால் ஊட்டுவது. இல்லத்தில் சம்பளம் உண்டு, வீட்டில் ஏச்சு உண்டு. அந்த நாட்களில் எங்கள் சபையில் நோக்கத்தோடு வாழ்வது பற்றி ஒரு வகுப்புத் தொடர் நடத்தினார்கள். போதகர் இளம் பொடியன், நல்ல பிள்ளை. எல்லாருக்கும் ஒரு படிவம் தந்தார். "அடுத்த ஐந்து வருடத்தில் ஆண்டவருக்காக எதைச் செய்து முடித்திருப்பீர்கள்?" என்று ஒரு கேள்வி. பக்கத்தில் இருந்தவர்கள் ஊழியம், ஜெபக்குழு, மிசன் பயணம் என்று நிரப்பினார்கள். நான், "அம்மா இருந்தால் அம்மாவைப் பார்த்திருப்பேன்" என்று எழுதிக் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, "அக்கா, இது உங்கட குடும்ப விசயமெல்லோ?" என்றார். அக்னியூ அம்மையாரின் இருபத்து நான்கு வருடத்தை அவருக்குச் சொன்னேன். அடுத்த கிழமை அந்தக் கேள்வியை மாற்றியிருந்தார்.

கொலோசெயர் நிருபத்தில் நாமெல்லாம் பாடமாக்கிய வசனம் ஒன்று உண்டு: "எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாகச் செய்யுங்கள்." பவுல் இதை எழுதியது போதகர்களுக்கல்ல, வேலைக்காரர்களுக்கு. படிக்கிற காலத்தில் யாரும் எங்களுக்கு அதை எடுத்துச் சொன்னதாக ஞாபகமில்லை.

சரி, உடுவிலுக்கு வந்த பிறகு அவர் செய்தது என்ன? 1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளியை 1840 முதல் 1879 வரை நடத்தினார். இந்த வின்ஸ்லோ அம்மையாரின் கணவர்தான் 1862இல் வெளிவந்த தமிழ் அகராதிக்காரர். அக்னியூ அம்மையார் ஒருதரம்கூட விடுமுறையில் ஊருக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டவர்களுக்கு, வேலை கிடக்கிறது, நேரமில்லை என்ற பதில்தான். முதலில் படித்தவர்களின் மகள்மார், பிறகு பேத்திமார் என்று ஆயிரம் பிள்ளைகள் அளவில் அவர் கையால் போனார்கள். போடிங் நடத்துவதென்றால் என்ன என்று அங்கே இருந்த நமக்குத் தெரியும்: அரிசிக் கணக்கு, காய்ச்சல்காரி, வீட்டை நினைத்து அழுகிற புதுப்பிள்ளை. முப்பத்தொன்பது வருடம் இதேதான். ஓய்வுபெற்று மானிப்பாயில் இருந்து, 1883இல் அங்கேயே காலமானார்.

அந்த ஆயிரம் பேரில் 600க்கு மேற்பட்டவர்கள் கிறிஸ்தவர்களாகப் பள்ளியை விட்டுப் போனார்கள் என்று மிசன் பெருமையாக எழுதிவைத்திருக்கிறது. என்னோடு படித்த சைவப் பிள்ளைகளுக்கு இந்த எண் கசக்கும். அதில் நியாயமும் இருக்கிறது. ஆரம்ப காலத்தில் படிப்பை முடிக்கிற பிள்ளைகளுக்கு மிசனே சீதனம் கொடுத்தது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும் இப்படியான சூழலில்தான். அக்னியூ அம்மையாரை நான் மதிப்பது அந்த 600ஐ வைத்து அல்ல. கடைசி வருடத்தில் வந்த புதுப்பிள்ளைக்கும் அவர் நேரம் ஒதுக்கினாரே, அதற்காகத்தான்.

அவரைப் பற்றியாவது கப்பலேறிய மாதம்வரை எழுத்தில் இருக்கிறது. 1995 ஒக்டோபர் 30 இரவு, யுத்தத்தில் இராணுவம் நெருங்கி வர, உடுவில் இருக்கிற வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அடுத்த வருடம் திரும்பி வந்து, கூரையும் கதிரையும் இல்லாத வகுப்பறைகளில் திரும்பவும் இடாப்புக் கூப்பிட்ட ரீச்சர்மார் வலிகாமம் முழுக்க இருந்தார்கள். கனடாவில் சகோதரங்கள் இருந்தும், ஸ்பொன்சருக்கு வழியிருந்தும் போகாமல் நின்றவர்கள். கேட்டால் அவர்களும், வேலை கிடக்கிறது பிள்ளை என்றுதான் சொல்லியிருப்பார்கள். நம் மலர்களைப் புரட்டிப் பாருங்கள், அதிபர்மாரின் படங்கள் பக்கம் பக்கமாக இருக்கும், இவர்களுக்கு ஒரு வரி இருக்காது.

ஆகவே மலர்க் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில் நான்கைந்து பக்கம் ஒதுக்குங்கள். படிப்பித்தவர்கள், போடிங் பார்த்த அக்காமார், குசினியில் நின்றவர்கள், யாராக இருந்தாலும் சரி, எந்த வருடம் தொடக்கம் எந்த வருடம் வரை இருந்தார்கள், என்ன வேலை செய்தார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதி அனுப்புங்கள். படம் இல்லாவிட்டால் பரவாயில்லை. முழுப்பெயர் தெரியாவிட்டால் நாங்கள் கூப்பிட்ட பெயரையே போடலாம்.