வேப்பெண்ணெய்க்கு அசராத விரல்

பெரியவளுக்கு 5 வயது முடிந்துவிட்டது. இன்னும் விரல் சூப்புகிறாள். அத்தை, தன் பிள்ளைகளுக்குச் செய்ததுபோலவே, கட்டைவிரலில் வேப்பெண்ணெய் தடவிவிட்டார். முதல் நாள் முகத்தைச் சுளித்து, பாவாடையில் துடைத்துவிட்டு மறுபடி வாயில் வைத்தாள். இரண்டாம் நாள் துடைக்கக்கூட இல்லை!

சரி, பல் டாக்டரிடம் போனோம். அவர் முதலில் சொன்னது, "திட்டாதீங்க" என்பதுதான். சில குழந்தைகள் வயிற்றில் இருக்கும்போதே விரல் சூப்புவது ஸ்கேனில் தெரியுமாம். பெரும்பாலான குழந்தைகள் 2 முதல் 4 வயதுக்குள் தானாக விட்டுவிடுவார்களாம். 6 வயதையொட்டி நிலைப்பற்கள் முளைக்கத் தொடங்கும். அப்போதும் பழக்கம் தொடர்ந்தால் மேல்வரிசை முன்பற்கள் தூக்கிக்கொள்ளும், வாயை மூடினாலும் மேலும் கீழும் சேராமல் இடைவெளி விழும்.

எப்போதெல்லாம் சூப்புகிறாள் என்று ஒரு வாரம் கவனிக்கச் சொன்னார். தூக்கம் வரும்போது, டிவி பார்க்கும்போது. அப்புறம், நான் தம்பியை மடியில் வைத்திருக்கும்போது. இந்த மூன்றாவதை இத்தனை நாள் நான் பார்க்கவே இல்லை. வேப்பெண்ணெய் பாட்டிலை அன்றைக்கே பரணில் போட்டுவிட்டேன்.

இப்போது டிவி நேரத்தில் கைக்குக் களிமண். படுக்கும்போது அவளே கடையில் எடுத்த பூப்போட்ட சாக்ஸ், கையில். தம்பி தூங்கியதும் கால் மணி நேரம் மடி அவளுக்கு மட்டும். சூப்பாத இரவுக்குக் காலண்டரில் ஒரு நட்சத்திரம். 23 நாளில் 14 நட்சத்திரம்.

நேற்று இரவு சாக்ஸைக் கழற்றி எறிந்திருக்கிறாள். காலையில் தேடினால், அது தம்பி வாயில் இருந்தது.