தப்காவின் கரிநெருப்பு

கலிலேயாக் கடல் என்று வேதாகமம் சொன்னாலும் அது நன்னீர் ஏரிதான். நீளம் 21 கிலோமீட்டர். கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. இஸ்ரேலில் இருக்கும் அதன் வடகரையில் தப்கா என்ற இடத்தில், தண்ணீரை ஒட்டி, கருங்கல்லில் கட்டிய ஒரு சின்ன ஆலயம் இருக்கிறது. 1933இல் பிரான்சிஸ்கன் துறவிகள் கட்டியது. இயேசுவின் சீடர் பேதுரு முதலிடம் பெற்றதை நினைவுகூரும் பேதுருவின் முதன்மை ஆலயம் என்று அதற்குப் பெயர். உயிர்த்தெழுந்த ஆண்டவர் சீடர்களுக்குக் காலை உணவு சமைத்து வைத்துக் காத்திருந்த கரை இதுதான் என்பது நெடுங்கால நம்பிக்கை.

ஆலயத்துக்குள் ஆடம்பரமாக எதுவும் இல்லை. பீடத்துக்கு முன்னால் தரையிலிருந்து எழும்பி நிற்கும் ஒரு பாறை மட்டும். அதைக் கிறிஸ்துவின் பந்தி என்கிறார்கள். முழங்காலிட்டுத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. உடனே எழுந்திருக்க மனமில்லை.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் சேகரக் கமிட்டி, அதாவது சபை நிர்வாகக் குழுத் தேர்தலில் இரண்டு அணியாகப் பிரிந்து, அதில் நானும் எங்கள் ஊர் அண்ணாச்சி ஒருவரும் எதிரெதிராக நின்றோம். அதற்கப்புறம் ஒன்றரை வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. புனித பூமிப் பயணத்துக்கு இருவரும் தனித்தனியாகப் பணம் கட்டியிருக்கிறோம் என்பது விமான நிலையத்தில்தான் தெரிந்தது. ஒரே பஸ்ஸில் ஐந்து நாள் ஓடிவிட்டது. நற்கருணை எடுக்கும்போதுகூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

எங்கள் சபைப் போதகரான ஐயர் கரையோரத்தில் எல்லாரையும் உட்காரவைத்து யோவான் சுவிசேஷம் 21ஆம் அதிகாரத்தை வாசித்தார். “கரிநெருப்பு” என்ற சொல் வந்த இடத்தில் நிறுத்தி, “இந்த நெருப்பை இதற்கு முன்னால் எங்கே பார்த்தீர்கள்?” என்று கேட்டார். பிரதான ஆசாரியனின் முற்றத்தில். இயேசு பிடிபட்ட இரவில் அங்கே குளிர்காய்ந்துகொண்டுதான் பேதுரு அவருடைய சீடன் இல்லை என்று மூன்று முறை மறுதலித்தார். அதே மாதிரிக் கரிநெருப்பின் பக்கத்தில் உட்காரவைத்து, “என்னை நேசிக்கிறாயா?” என்று மூன்று முறை கேட்டு, மூன்று முறையும் மந்தையை அவர் கையில் கொடுக்கிறார் இயேசு. அதுவும் முதலில் சாப்பாடு போட்டுவிட்டு. இத்தனை வருஷம் வாசித்தும் இது எனக்கு உறைத்ததில்லை. கொடுக்கப்பட்ட அதிகாரம் என்ன? மேய்ப்பது. ஆடுகள் யாருடையவை? “என் ஆடுகள்” என்கிறார். ஒரு தடவைகூட “உன் ஆடுகள்” என்று சொல்லவில்லை.

கத்தோலிக்கச் சகோதரர்கள் இந்தக் கரையைப் போப்பாண்டவர் பதவியின் வேராகப் பார்க்கிறார்கள். 1964இல் போப் ஆறாம் பவுல் வந்து இங்கே ஜெபித்திருக்கிறார். தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்த நான் அப்படிப் படித்தவன் இல்லை. ஆனாலும் பேதுரு முதலாவதாக நிற்கிறார் என்பதை யாரும் மறுக்க முடியாது. பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளில் எழுந்து பேசியவர் அவர்தானே.

இரண்டு நாள் முன்பு எருசலேமில் பார்த்ததும் இங்கே சேர்ந்துகொண்டது. பழைய நகரத்தின் அர்மீனியப் பகுதியில் புனித யாக்கோபு பேராலயம் இருக்கிறது. மாலை ஆராதனை நேரத்தில் போனோம். கூரையிலிருந்து எண்ணமுடியாத விளக்குகள் தொங்க, அர்மீனிய மொழிப் பாட்டு இருட்டுக்குள் எழும்பியது. அந்த ஆலயம் இரண்டு யாக்கோபுகளை நினைவுகூர்கிறது. ஒருவர் செபெதேயுவின் மகன், ஏரோது வாளால் கொன்ற அப்போஸ்தலர். மற்றவர் ஆண்டவரின் சகோதரர். என் மனம் இரண்டாமவரிடமே நின்றது. இயேசு ஊழியம் செய்த நாளில் அவருடைய சகோதரர்கள் அவரை நம்பவில்லை என்று யோவான் எழுதுகிறார். அப்படிப்பட்டவர்தான் எருசலேம் சபையின் தலைவராகிறார். 62ஆம் ஆண்டு கல்லெறியுண்டு இறக்கிறார்.

சபையில் சேரும் யூதரல்லாத புறஜாதியார் விருத்தசேதனம் செய்ய வேண்டுமா என்ற பெரிய தகராறு எருசலேமில் பேசப்பட்டபோது யார் யார் பேசினார்கள் என்று அப்போஸ்தலர் 15இல் பாருங்கள். நெடுநேரம் வாக்குவாதம். பேதுரு எழுந்து சொல்கிறார். பர்னபாவும் பவுலும் சொல்வதைக் கூட்டம் அமைதியாகக் கேட்கிறது. கடைசியில் முடிவைச் சொல்வது இந்த யாக்கோபு. கடிதம் எழுதும்போதோ ஒருவர் பெயரிலும் உத்தரவு போகவில்லை. “பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது” என்றுதான் போகிறது. அப்புறம் அந்தியோகியாவில் பேதுரு தவறியபோது பவுல் முகமுகமாய் எதிர்த்தார் என்பதையும் கலாத்தியர் நிருபம் மறைக்கவில்லை. எங்கள் கமிட்டியில் நாங்கள் ஒருவரை ஒருவர் எதிர்த்தோம், ஆனால் முகமுகமாய் அல்ல. துண்டுப்பிரசுரம் போட்டோம்.

ஐயர் தொடர்ந்து வாசித்தார். நீ முதிர்வயதாகும்போது உன் கைகளை நீட்டுவாய் என்று பேதுருவின் மரணத்தைக் குறித்து ஆண்டவர் சொன்ன உடனே, பேதுரு திரும்பி, பின்னால் வரும் யோவானைக் கண்டு, இயேசுவிடம், “ஆண்டவரே, இவன் காரியம் என்ன?” என்கிறார். “உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா” என்று பதில் வருகிறது.

அந்த வரியில் என் கண் தானாக அண்ணாச்சி பக்கம் போனது. அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கப்பர்நகூமில் பேதுருவின் வீடு என்று காட்டும் இடத்தையும், அதன்மேல் ஐந்தாம் நூற்றாண்டில் எழும்பிய எண்கோண ஆலயத்தின் அடித்தளத்தையும் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனோம். பேதுரு மீன் என்று பொரித்து வைக்கிறார்கள். நம் ஊர் ஜிலேபி மீனின் இனம். அண்ணாச்சிக்கு எதிரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் இருவரும் எதுவும் பேசவில்லை. பிறகு அவர் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

“தம்பி, முள்ளு பார்த்து எடுங்க.”