சனிக்கிழமை வாக்கு: ஒரு நாட்குறிப்பு

மார்ச் 28, 2024, வியாழன், வாஷிங்டன்

ஜோ லிபர்மேன் நேற்று காலமானார். வயது 82. கனெக்டிகட் மாநிலத்தின் சார்பில் 1989 முதல் 2013 வரை செனட் உறுப்பினராக இருந்தவர். 2000ஆம் ஆண்டில் அல் கோருடன் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்டு, அமெரிக்காவின் இரு பெரிய கட்சிகளில் ஒன்றின் வேட்பாளரான முதல் யூதர் என்று பெயர் பெற்றவர். இரங்கல் கட்டுரைகள் எல்லாம் ஈராக் போருக்கு அவர் தந்த ஆதரவையும், 2006இல் சொந்தக் கட்சியின் முதல்நிலைத் தேர்தலில் தோற்றுச் சுயேச்சையாக நின்று வென்றதையும்தான் பேசுகின்றன. அந்த அரசியலில் எனக்கு அவரோடு உடன்பாடு இருந்ததில்லை. என்னை ஈர்த்தது வேறொன்று: நாட்டின் மிக உயர்ந்த மன்றங்களில் ஒன்றில் இருபத்து நான்கு ஆண்டுகள் இருந்துகொண்டு, யூத ஓய்வுநாளை அவர் எப்படிக் காத்தார் என்பது.

வெள்ளிக்கிழமை சூரியன் மறையும் நேரத்திலிருந்து சனிக்கிழமை இரவு நட்சத்திரங்கள் தெரியும் வரை ஆசாரமான யூதர் வண்டியில் ஏறுவதில்லை, விளக்கைப் போடுவதோ அணைப்பதோ இல்லை, எழுதுவதில்லை, தொலைபேசியைத் தொடுவதில்லை. மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு இதற்கென 39 வகை வேலைகளை வரிசைப்படுத்தித் தடுக்கிறது. 1988இல் லிபர்மேனைச் செனட் வேட்பாளராக அறிவித்த கட்சி மாநாடு ஓய்வுநாளில் கூடியது. அவர் போகவில்லை, ஏற்புரையை முன்கூட்டியே பதிவுசெய்து அனுப்பிவிட்டார். ஆனால் செனட்டில் சனிக்கிழமை வாக்கெடுப்பு என்றால், அதே மனிதர் ஜார்ஜ்டவுனிலிருந்து நாடாளுமன்றக் கட்டடம் வரை நடந்தே போய் வாக்களித்தார். முதலாவது தன்னுடைய முன்னேற்றம். இரண்டாவது மக்கள் ஒப்படைத்த வேலை. கோடு அங்கேதான் விழுந்தது என்று நினைக்கிறேன்.

மார்ச் 29, வெள்ளி

இன்று அவருடைய ஊரான ஸ்டாம்ஃபோர்டில் இறுதிச் சடங்கு. ஓய்வுநாள் தொடங்கிவிட்டால் அடக்கம் செய்ய முடியாது என்பதால் வெள்ளிக்கிழமைக்குள் முடித்தாக வேண்டும். அல் கோரும் வந்து பேசியிருக்கிறார்.

கோரைப் பற்றி லிபர்மேன் சொல்லி மகிழ்ந்த ஒரு கதை உண்டு. அவர் செனட்டுக்குப் புதிதாக வந்த காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை அவை இரவு வரை நீண்டுவிட, வீட்டுக்குப் போகாமல் அங்கேயே ஒரு கட்டிலில் படுத்துக்கொள்ளத் தயாரானார். அதைக் கண்ட கோர், எதிரிலேயே தன் பெற்றோரின் குடியிருப்பு காலியாக இருப்பதாகச் சொல்லி அழைத்துப் போனார். போனதோடு நில்லாமல், விளக்குகளையும் தானே போட்டும் அணைத்தும் கொடுத்தார். பிற்கால துணை அதிபர் ஒருவர், யூதரல்லாத பக்கத்து வீட்டுக்காரர் காலங்காலமாகச் செய்துவந்த உபகாரத்தைச் செய்திருக்கிறார். ஆசாரத்தைக் காப்பது தனி ஒருவரின் மன உறுதியால் மட்டும் ஆகிற காரியமில்லை. சுற்றியிருப்பவர்களின் பொறுமையும் அதில் கணிசமாகச் செலவாகிறது.

மார்ச் 30, சனி

காலையில் ஜார்ஜ்டவுனின் ‘N’ என்ற எழுத்தைப் பெயராகக் கொண்ட தெருவிலிருந்து, அவர் வழிபட்ட கெஷர் இஸ்ரேல் ஜெப ஆலயத்துக்கு அருகிலிருந்து, நடக்கத் தொடங்கினேன். ‘M’ தெருவுக்கு இறங்கி, பென்சில்வேனியா அவென்யூவைப் பிடித்தால் வெள்ளை மாளிகை. அதன் முன்னே 1995 முதல் வண்டிகளுக்கு அனுமதி இல்லை, நடப்பவருக்குச் சுகம். அதைத் தாண்டியதும் கருவூலத் துறையின் கல் தூண்கள் அவென்யூவை மறித்துக்கொண்டு நிற்கின்றன. பதினைந்தாம் தெருவில் திரும்பிச் சுற்றிக்கொண்டுதான் மறுபடி அவென்யூவில் சேர வேண்டும். அதன் பிறகு கண்ணெதிரே கோபுரம் தெரிந்துகொண்டே இருக்கிறது, தூரம் மட்டும் குறைவதாயில்லை. கடைசியில் ஏற்றம் வேறு. எனக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. கொட்டும் மழையில் அவர் இரவில் இதே வழியாக வீடு திரும்பியபோது நாடாளுமன்றக் காவலர்கள் துணைக்கு நடந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது ஓய்வுநாளுமில்லை, விரதமுமில்லை, நனைந்ததுதான் மிச்சம்.

அவருக்குத் தோதாக இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. பிரதிநிதிகள் சபையில் 1973 முதல் மின்னணு வாக்குப்பதிவு. செனட்டிலோ எழுத்தர் பெயர் சொல்லி அழைக்க, உறுப்பினர் வாயாலோ சைகையாலோ வாக்களிக்கிறார். பொத்தானை அழுத்த வேண்டியதில்லை. இரண்டாவது, எருவ் எனப்படும் எல்லைக்கோடு: ஓய்வுநாளில் பொருள்களைக் கையில் எடுத்துச் செல்லும் தடையைத் தளர்த்த, கம்பியும் கம்பமுமாக ஊரைச் சுற்றி வளைத்து அமைப்பது. 1990இல் வாஷிங்டனில் இது அமைந்தபோது அதிபர் புஷ், அதன் எல்லைக்குள் வெள்ளை மாளிகையும் நாடாளுமன்றமும் உச்ச நீதிமன்றமும் அடங்குவதைக் குறிப்பிட்டு வாழ்த்துக் கடிதம் அனுப்பினார்.

ஏப்ரல் 3, புதன்

ஓய்வுநாளைக் காத்த இன்னொரு யூதரான ஜேக் லூ நினைவுக்கு வருகிறார். கிளின்டன், ஒபாமா இருவரிடமும் வரவுசெலவுத் திட்ட அலுவலகத்தின் இயக்குநர், பிறகு ஒபாமாவின் தலைமை அதிகாரி, 2013 முதல் 2017 வரை கருவூலச் செயலர், 2023இல் இஸ்ரேலுக்கான தூதரானவர். சனிக்கிழமை ஒன்றில் கிளின்டன் அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்ததாகவும், யாரும் எடுக்காமற்போகவே, விஷயம் அவசரம், கடவுள் புரிந்துகொள்வார் என்று பதிவுக் கருவியில் பேசியதாகவும் பலமுறை அச்சில் வந்த கதை ஒன்று உண்டு. கதையின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறினாலும், ரபியின், அதாவது யூத மதகுருவின், பதில் மாறுவதில்லை: அதிபரின் அவசர அழைப்பை எடுக்கலாம்.

அந்தப் பதில் சலுகை அன்று. உயிரைக் காக்க ஓய்வுநாளை மீறலாம் என்பது யூதச் சட்ட விவாத நூலான தல்மூதின் உறுதியான தீர்ப்பு. யோமா என்ற பகுதி, ஒருவன் இன்னும் பல ஓய்வுநாள்களைக் காக்கும்படியாக அவனுக்காக ஒன்றை மீறு என்கிறது. ஷப்பாத் என்ற பகுதி அதற்கும் மேலே போய், சொந்த வியாபாரக் கணக்கைத் தடுத்த அதே நாளில் ஊர்ப்பொதுக் காரியங்களை ஆலோசிக்க அனுமதிக்கிறது. லிபர்மேனின் சனிக்கிழமை நடைக்கு வேர் இங்கே இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், பதவியில் இருப்பவருக்கு எதுவும் பொதுக் காரியமாகத் தோன்றலாம். தேர்தல் மேடையையும் லிபர்மேன் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கலாம். சொல்லவில்லை, 2000ஆம் ஆண்டுப் பிரசாரத்திலும் ஓய்வுநாளில் வாக்குக் கேட்கப் போகவில்லை. வென்றிருந்தால், பதவியேற்பு நாளான 2001 ஜனவரி 20 சனிக்கிழமையாக இருந்திருக்கும். அன்றும் நடந்தே போயிருப்பார் என்றுதான் எண்ணுகிறேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

யூதர்களே ஆளும் நாட்டில் இது எளிது என்று நினைத்தால் தவறு. 1976 டிசம்பர் 10, வெள்ளிக்கிழமை, அமெரிக்காவிலிருந்து மூன்று எஃப்-15 போர் விமானங்கள் இஸ்ரேலுக்கு வந்து சேர்ந்தன. வரவேற்பு விழா ஓய்வுநாளை ஒட்டி நீண்டதால், வந்தவர்கள் வீடு திரும்புகையில் அதை மீற நேர்ந்தது என்று மதக் கட்சிகள் கொதித்தன. கூட்டணியில் இருந்த தேசிய மதக் கட்சியின் அமைச்சர்கள் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அரசுக்கு வாக்களிக்காமல் ஒதுங்க, பிரதமர் ரபின் அவர்களை நீக்கினார், பெரும்பான்மை போயிற்று, அவரும் பதவி விலகினார். அடுத்த மே மாதத் தேர்தலில் எதிர்க்கட்சித் தலைவர் பெகின் ஆட்சிக்கு வந்தார். அதற்குக் காரணங்கள் பல என்றாலும், தொடக்கம் இந்த விழாதான். ஒருவர் தனக்கு விதித்துக்கொள்ளும் கட்டுப்பாடும், அரசு எல்லோருக்குமாகக் காக்கும் கட்டுப்பாடும் வேறு வேறு. முன்னதற்கு நடக்கக் கால் இருந்தால் போதும்.

ஏப்ரல் 12, வெள்ளி

செனட் உறுப்பினருக்கும் செயலருக்கும் அவை காத்திருக்கும், காவலர் துணை வருவார். கீழ்நிலையில் இருப்பவருக்கு? விமானப் படையில் உளவியலாளராக இருந்த ஒரு கேப்டன், ரபியும்கூட, சீருடையோடு தலையில் கிப்பா என்ற சிறு யூதத் தொப்பி அணிந்ததற்காகத் தடுக்கப்பட்டார். அந்தக் கோல்ட்மேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் படையின் பக்கம் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் மறு ஆண்டே சட்டம் இயற்றி, எளிமையான மத உடையைச் சீருடையோடு அணிய வழிசெய்தது. ஞாயிறு வேலைக்கு வர மறுத்த பென்சில்வேனியாவின் கிறிஸ்தவத் தபால் ஊழியர் வழக்கிலோ, சென்ற ஆண்டு ஜூனில்தான் நீதிபதிகள் ஒருமனதாக, தொழிலுக்குக் கணிசமான கூடுதல் சுமை ஏற்படும் என்று நிறுவினால் மட்டுமே முதலாளி மறுக்கலாம் என்றார்கள். அதுவரை 1977இன் தீர்ப்பொன்றைக் காட்டி, அற்பச் செலவைச் சொல்லியே மறுத்துவிட முடிந்தது. அந்த ஊழியர் அதற்குள் வேலையை விட்டிருந்தார்.