நீர்க்கோளில் விழுந்தவன்

நிக்கோலஸ் ரோக் இயக்கி 1976-இல் வெளிவந்த ‘தி மேன் ஹூ ஃபெல் டு எர்த்’ திரைப்படத்தை அண்மையில் மூன்றாவது முறையாகப் பார்த்தேன். முதல் இரண்டு முறையும் அதை ஓர் எளிய துயரக் கதையாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்: வேற்றுக் கோளிலிருந்து தூயவன் ஒருவன் வருகிறான்; பூமியின் மனிதர்கள் அவனைக் கெடுத்துத் தனிமையில் தள்ளிவிடுகிறார்கள். இந்த வாசிப்பு படத்திற்கு நியாயம் செய்யவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அந்த வேற்றுக் கோள்வாசியான நியூட்டனை இந்தப் படத்தில் யாருமே வெறுப்பதில்லை. அவனைச் சீரழிப்பவை அன்பும் வசதியும் விருந்தோம்பலும்தான். அவன் நம்மைப் போல ஆக ஆகத்தான் நமக்கும் தனக்கும் மேலும் அந்நியமாகிறான்.

ராக் இசைப் பாடகர் டேவிட் போவி முதன்முறையாகக் கதாநாயகனாக நடித்த படம் இது. அவர் ஏற்ற தாமஸ் ஜெரோம் நியூட்டன் என்னும் பாத்திரம் நியூ மெக்சிகோவில் ஓர் ஏரியில் வந்து விழுகிறது. நியூட்டன் அருகிலுள்ள சிற்றூருக்கு நடந்து சென்று, ஒரு மோதிரத்தைத் தன் சொந்த உடைமைபோலக் காட்டி 20 டாலருக்கு விற்கிறான். சற்று நேரத்திலேயே அதே போன்ற மோதிரங்கள் அவனிடம் ஏராளமாக இருப்பதை நாம் பார்க்கிறோம். பூமியில் அவன் செய்யும் முதல் காரியமே ஒரு சிறு பொய் கலந்த வியாபாரம் என்பதை நான் இந்த முறைதான் கவனித்தேன். பிறகு ஒன்பது அடிப்படைக் காப்புரிமைகளோடு ஃபார்ன்ஸ்வர்த் என்ற வழக்கறிஞரை அணுகி, மாபெரும் நிறுவனம் ஒன்றைக் கட்டி எழுப்புகிறான். இத்தனையும் ஒரு விண்கலத்துக்காக. வறட்சியில் செத்துக்கொண்டிருக்கும் தன் கோளில் காத்திருக்கும் மனைவியையும் குழந்தைகளையும் காப்பாற்றுவதற்காக.

அவனுடைய மொழியில் பூமிக்குப் பெயரே ‘நீரின் கோள்’ என்பதாகும். நீரைத் தேடி வந்தவன் மதுவில் மூழ்குகிறான் என்பதுதான் இந்தப் படத்தின் கொடுமையான நேர்க்கோடு. தொடக்கத்தில் அவன் ஒரு குவளைத் தண்ணீரைப் பிடித்திருக்கும் விதத்தில் ஒரு வழிபாடு இருக்கிறது. விடுதியின் மின்தூக்கியில் மயங்கி விழும் அவனை அங்கே பணிபுரியும் மேரி-லூ தூக்கிச் சென்று பேணுகிறாள். பின்னர் தான் குடிக்கும் ஜின்னை அவனுக்கும் பழக்கிவிடுகிறாள். அதில் துளியும் தீய எண்ணம் இல்லை. தனக்குத் தெரிந்த ஒரே ஆறுதலை அவள் பகிர்ந்துகொள்கிறாள், அவ்வளவே. மூல நாவலை 1963-இல் எழுதிய வால்டர் டெவிஸ் குடிப்பழக்கத்தோடு நெடுங்காலம் போராடியவர். அந்நாவலை மாறுவேடமிட்ட தன்வரலாறாகவே கருதியவர். பிற்காலத்தில் சதுரங்கம் ஆடும் அநாதைப் பெண்ணைப் பற்றி ‘தி குயின்ஸ் கேம்பிட்’ நாவலை எழுதியவரும் அவரே. அந்தக் கதையிலும் மேதைமையும் போதையும் ஒரே உடலில் குடியிருக்கின்றன.

மதுவுக்கு அடுத்தது தொலைக்காட்சி. நியூட்டனின் மக்கள் நம் உலகத்தை அறிந்துகொண்டதே விண்வெளியில் கசிந்து சென்ற தொலைக்காட்சி அலைகள் மூலமாகத்தான். இங்கே வந்த பிறகும் அவன் ஒரு சுவர் முழுக்கப் பெட்டிகளை அடுக்கி, அத்தனை நிகழ்ச்சிகளையும் ஒரே நேரத்தில் பார்க்கிறான். ஒரு கட்டத்தில், தன் மனத்தை விட்டு வெளியேறும்படி அந்தப் பிம்பங்களிடம் கதறுகிறான். எல்லாவற்றையும் காண்கிறவன் எதிலும் பங்கேற்க முடியாதவனாக ஆகிவிடுகிறான். கைப்பேசித் திரையைத் தள்ளியபடியே விடியும்வரை கிடந்த பல இரவுகள் எனக்கு உண்டு; அதனால் ரோக் இந்தக் காட்சியை 1975-இலேயே படமாக்கியிருப்பது என்னை ஒவ்வொரு முறையும் கலங்கச் செய்கிறது.

‘கரப்ஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இணையாக நாம் இரண்டு சொற்களைப் பிரித்து வைத்திருக்கிறோம். பதவியில் இருப்பவர்கள் செய்வது ஊழல். தனிமனிதனுக்குள் நடப்பது சீரழிவு. ஆனால் ‘ஊழல்’ என்ற சொல்லின் வேரிலேயே இரண்டாவது பொருளும் உறங்குகிறது. ஊழ்த்தல் என்றால் மலர்தல், முதிர்தல், பின் பதனழிந்து கெடுதல். வெளியிலிருந்து பூசப்படும் கறையாக அல்லாமல், பழம் கனிந்து அழுகுவதுபோல உள்ளிருந்து நிகழும் மாற்றம் அது. இந்தப் படத்தில் இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன. நியூட்டனின் நிறுவனம் மற்றவர்களின் சந்தையை விழுங்குகிறது என்பதால் அரசின் ஆட்களும் போட்டி நிறுவனத்தாரும் அதை அடக்க முடிவெடுக்கிறார்கள்; ஃபார்ன்ஸ்வர்த்தை அவருடைய உயர்மாடி வீட்டின் சன்னல் வழியே எறிந்து கொல்கிறார்கள். முதல் முயற்சியில் கண்ணாடி உடையவில்லை; அப்போது கொலையாளிகளிடம் அவரே மன்னிப்புக் கேட்கிறார். கொலையும் மரியாதையும் ஒரே அறையில் இவ்வளவு இயல்பாக நிற்பதை வேறெந்த அறிவியல் புனைகதைப் படத்திலும் நான் கண்டதில்லை. விண்கலத்தில் ஏறும் நேரத்தில் நியூட்டனும் பிடிபடுகிறான்.

அவனுக்கு மிக நெருங்கிய நண்பனாகும் வேதியியல் பேராசிரியர் பிரைஸின் வீழ்ச்சிதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது. மாணவிகளோடு படுக்கையைப் பகிர்ந்துகொண்டு, ஆராய்ச்சியில் ஆர்வம் வற்றிப்போன அவன், நியூட்டனின் திட்டத்தில் சேர்ந்த பிறகுதான் மறுபடி உயிர்பெறுகிறான். உண்மையை அறியும் வேட்கையில், மறைத்து வைத்த எக்ஸ்ரே கருவியால் நண்பனைப் படம் எடுக்கிறான். துரோகம் இங்கே அறிவுத்தாகத்தின் உடையில் வருகிறது.

மேரி-லூவாக நடித்த கேண்டி கிளார்க்தான், பாலைவனத்தில் காத்திருக்கும் நியூட்டனின் மனைவியாகவும் நடித்தார் என்பதை அறிந்தபோது படம் முழுவதும் எனக்கு வேறு வடிவம் பெற்றது. நியூட்டன் தன் உண்மையான உருவத்தை மேரி-லூவுக்குக் காட்டும்போது அவள் அலறுகிறாள். பிறகு தன்னைத் தேற்றிக்கொண்டு நெருங்கிவர முயல்கிறாள்; உடல் மறுக்கிறது. மனம் ஒப்பினாலும் தோல் ஒப்பாத அந்தச் சில நிமிடங்களில் அந்நியமாதல் ஒரு தத்துவச் சொல்லாக இருப்பதை விட்டுவிட்டு, இரண்டு உடல்களுக்கு இடையிலான ஒரு முழ தூரமாக மாறிவிடுகிறது. அமெரிக்காவில் படத்தை வெளியிட்டவர்கள் சுமார் 20 நிமிடங்களை வெட்டித்தான் திரையிட்டார்கள். ரோக் காலத்தைத் துண்டுகளாகக் கலைத்து அடுக்கும் இயக்குநர். அந்த அடுக்கிலிருந்து உருவப்படும் ஒவ்வொரு துண்டும் பொருளையும் உருவிக்கொண்டு போகிறது. முழு வடிவத்தையே தேடிப் பாருங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன்.

சொகுசான அறைகளில் அடைக்கப்பட்ட நியூட்டனை மருத்துவர்கள் சோதிக்கும் காட்சியே படத்தின் மையம் என்று நான் நம்புகிறேன். மனிதக் கண்களைப் போலக் காட்டும் வில்லைகளை அவன் அணிந்திருக்கிறான். எக்ஸ்ரே எடுத்தால் அவை கண்ணோடு ஒட்டிக்கொள்ளும் என்று கெஞ்சுகிறான். அவர்கள் கேட்பதில்லை. வேடம் உடலாகிவிடுகிறது, இனி அவன் விரும்பினாலும் தன் முகத்தைத் தானே காண முடியாது. வந்தவன் மறைந்து, வந்தவனின் நினைவு மட்டும் ஒரு மனித உருவத்துக்குள் எஞ்சுகிறது. அதன்பின் கதவுகள் பூட்டப்படாமல் கிடக்கும் நாளும் வருகிறது. வெளியே போவதற்கு இடம்தான் இல்லை.

பிரைஸ் புரட்டும் ஒரு புத்தகத்தில், மெழுகுச் சிறகுகளோடு சூரியனை நெருங்கி விழுந்த கிரேக்கத் தொன்ம இளைஞன் இகாரஸைப் பற்றிய ஓவியர் புரூகெலின் ஓவியம் இடம்பெறுகிறது. வானத்திலிருந்து ஒருவன் கடலில் விழுகிறான். உழவன் தன் ஏரைப் பார்த்தபடி போய்க்கொண்டிருக்கிறான்.

இறுதியில் எல்லோரும் மூப்படைந்துவிட, நியூட்டன் மட்டும் முதுமை தொடாத முகத்தோடு உணவகத்தில் குடித்தபடி அமர்ந்திருக்கிறான். கசப்பு ஏதும் இல்லையா என்று பிரைஸ் கேட்கும்போது, நீங்கள் எங்கள் இடத்துக்கு வந்திருந்தால் நாங்களும் இப்படித்தான் நடத்தியிருப்போம் என்ற பொருளில் பதில் சொல்கிறான். தூயவன் கெடுக்கப்பட்ட கதை என்ற என் பழைய வாசிப்பை அந்தப் பதில் உடைத்துவிட்டது. இதற்கிடையே அவன் ஓர் இசைத்தட்டு வெளியிட்டிருக்கிறான். அது தனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்கிறான் பிரைஸ். அது உனக்காகச் செய்யப்பட்டதில்லை என்கிறான் நியூட்டன். என்றாவது ஒருநாள் வானொலியில் அது ஒலிபரப்பாகும், முன்பு நம் அலைகள் அவனுடைய கோளைத் தேடிச் சென்றதுபோலவே அந்தப் பாட்டும் சென்று சேரும், மனைவி கேட்பாள் என்று அவன் நம்புகிறான். அங்கே கேட்பதற்கு இன்னும் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்பதைப் படம் நமக்குச் சொல்வதில்லை.