நூலில் தொங்கும் உருண்டைகளைக் கொண்டு கூலூம் விதியைச் சோதித்தல்

இரு மின்னூட்டங்களுக்கு இடையிலான விசை, அவற்றின் பெருக்கத்துக்கு (ஒன்றை மற்றதால் பெருக்கிய அளவுக்கு) நேர்விகிதத்திலும், இடைவெளியின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும் என்பதே கூலூம் விதி. அதை வீட்டிலேயே சோதிக்க முயன்றேன். சிங்கப்பூரில் இத்தகைய நிலைமின்னியல் சோதனைக்கு முதல் தடை காற்றின் ஈரப்பதம். ஆண்டுச் சராசரியே 80 விழுக்காட்டைத் தாண்டுவதால், ஏற்றிய மின்னூட்டம் விரைவில் கசிந்துவிடுகிறது. ஆகவே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் படுக்கையறையில் குளிர்சாதனத்தை வெகுநேரம் ஓடவிட்ட பிறகே வேலையைத் தொடங்கினேன்.

அலுமினியத் தாள் சுற்றிய, 0.05 கிராம் எடையுள்ள இரு ஸ்டைரோஃபோம் உருண்டைகளை 50 செ.மீ. நைலான் இழைகளில் ஒரே புள்ளியிலிருந்து தொங்கவிட்டு, கம்பளியால் தேய்த்த பிவிசி குழாயால் இரண்டையும் ஒருசேரத் தொட்டதும், அவை 6 செ.மீ. விலகி நின்றன. இழையின் இழுவிசை, எடை, மின்விலக்கு விசை மூன்றும் அங்கே சமன்படுகின்றன. எனவே விலக்கு விசை, எடையைச் சாய்கோணத்தின் டேன்ஜென்டால் பெருக்கிய அளவாகும். கணக்கிட்டால் விசை 2.9×10⁻⁵ நியூட்டன், ஒவ்வோர் உருண்டையிலும் மின்னூட்டம் சுமார் 3.4 நானோகூலூம், அதாவது ஏறத்தாழ 2,100 கோடி மிகை எலெக்ட்ரான்கள். கூலூம் 1785இல் பயன்படுத்திய, இழை முறுகும் அளவால் விசையை அளக்கும் முறுக்குத் தராசுக்கு ஈடாக எனக்குப் புவியீர்ப்பே தராசாயிற்று.

ஆனால் இந்தக் கணக்கு விதியை மெய்யென்று கொண்டே மின்னூட்டத்தைக் காண்கிறது. விதியைச் சோதிக்க மின்னூட்டத்தைத் தெரிந்த அளவில் மாற்றியாக வேண்டும். அதற்கு மின்னூட்டமற்ற, அதே அளவுள்ள மூன்றாம் உருண்டையால் இரண்டில் ஒன்றைத் தொட்டால் அதன் மின்னூட்டம் பாதியாகும். தொடும்போது குறுக்குத் திசையிலிருந்து அணுகுவது முக்கியம். இல்லாவிட்டால் எதிரே உள்ள உருண்டையின் தாக்கத்தால் பங்கீடு சமமாக அமையாது.

சிறு கோணங்களில் உருண்டைகளை விலக்கி நிறுத்தத் தேவையான விசை இடைவெளிக்கு நேர்விகிதத்திலும், கூலூம் விதிப்படி கிடைக்கும் விசை இடைவெளியின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்திலும் இருப்பதால், இடைவெளியின் கனமே மின்னூட்டங்களின் பெருக்கத்தைப் பின்தொடர்கிறது. பெருக்கம் பாதியானால் 6 செ.மீ. 4.76 செ.மீ. ஆகவேண்டும், எனக்குக் கிடைத்தது சுமார் 4.6. இந்தக் குறைவைக் கசிவு என்று கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை, ஏனெனில் தொடாமல் விட்டாலும் இடைவெளி மெல்லச் சுருங்குவதைக் கண்ணாலேயே காணலாம்.

என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று: ஓர் உருண்டையில் மற்றதைப்போல் பாதி மின்னூட்டமே இருந்தும், இரு இழைகளும் செங்குத்திலிருந்து ஒரே கோணத்தில் சாய்ந்திருந்தன. விசை பெருக்கத்தைப் பொறுத்ததால் இரண்டின் மீதும் அது சமமாகவே செயல்படுகிறது. ஒன்றில் கூடுதலாகத் தாள் சுற்றிக் கனமாக்கியபோதுதான் அந்தச் சமச்சீர் குலைந்து, கனமானது குறைவாகச் சாய்ந்தது.