எல்லையைத் தாண்டினால் பொருள் மாறும் நீலக் கோடு

2023 செப்டம்பரில் அம்மா, மனைவி, மகள் ஆகியோருடன் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் வாடகைக் கார் எடுத்து, சுவிட்சர்லாந்து வழியாக இத்தாலியின் டஸ்கனி வரை சென்று திரும்பினேன். கோவையிலேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கியிருந்தேன். சாலையின் வலப்பக்கம் ஓட்டுவது எப்படி, சுங்கச் சாவடியில் எந்த வரிசையில் நிற்பது என்றெல்லாம் படித்து வைத்திருந்தேன். வண்டியை ஓட்டுவதற்குத் தயாரான அளவுக்கு அதை நிறுத்துவதற்கு நான் தயாராகவில்லை என்பது போன பிறகுதான் தெரிந்தது. பதினான்கு நாள் பயணத்தில் ஓட்டியதற்காக ஒரு காசும் அபராதம் கட்டவில்லை. இரவு தங்குவதற்காக வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திய ஓர் ஊருக்காக மட்டும் கட்ட நேர்ந்தது.

முதல் பாடம் ஃப்ரைபுர்க்கில் தங்கை வீட்டு வாசலிலேயே தொடங்கியது. அவர்கள் தெருவில் நீலப் பலகையில் வெள்ளை நிறத்தில் 'பி' என்ற எழுத்து, அதன் கீழே சிறு கடிகாரம் போன்ற ஒரு படம், அதற்கும் கீழே இரண்டு மணி நேரம் என்ற குறிப்பு. மாப்பிள்ளை, காரின் கதவுப் பையிலிருந்து உள்ளங்கை அளவுள்ள ஒரு நீல அட்டையை எடுத்துக் காட்டினார். ஜெர்மன் மொழியில் அதைப் பார்க்ஷைபே என்கிறார்கள். 11 சென்டிமீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட அந்த அட்டையின் உள்ளே ஒரு வட்டு சுழல்கிறது. வட்டைத் திருகி, நாம் வந்த நேரத்தைக் காட்டும்படி வைத்து, வெளியிலிருந்து படிக்குமாறு முன்கண்ணாடிக்குப் பின்னால் வைக்க வேண்டும். நாங்கள் வந்தது 10.10 மணிக்கு. நான் முள்ளைப் பத்துக்குச் சற்றுத் தள்ளி, சரியாகப் பத்து நிமிடம் என்று கணக்கிட்டு வைத்தேன். "அப்படி இல்ல மச்சான், வந்த நேரத்துக்கு அடுத்து வர்ற அரை மணியில வைக்கணும்" என்று சொல்லி, அவர் வட்டை 10.30க்கு நகர்த்தினார். அதன்படி 12.30 வரை வண்டி அங்கே நிற்கலாம். அதாவது சட்டமே நமக்கு இருபது நிமிடம் கூடுதலாகத் தருகிறது. நேரம் முடிந்ததும் இறங்கி வந்து வட்டை மட்டும் திருகி வைத்துவிட்டுப் போவது செல்லாது. நேரத்தைத் தாண்டினால் முதல் அரை மணிக்குள் 20 யூரோ, அதன் பிறகு படிப்படியாக 40 யூரோ வரை அபராதம் உண்டு. வட்டையே வைக்க மறந்தாலும் அபராதம்தான். நடைபாதையில் ஏற்றி நிறுத்தினால் 55 யூரோ.

அந்தப் பலகையில் ஜெர்மன் மொழியில் வெர்க்டாக்ஸ் என்றொரு சொல்லும் இருந்தது. வேலை நாட்களில் என்று பொருள். அன்று சனிக்கிழமை, ஆகவே விதி பொருந்தாது என்று நான் எடுத்துக்கொண்டிருப்பேன். ஜெர்மனியில் சனிக்கிழமையும் வேலை நாள் கணக்கில்தான் சேரும். ஞாயிறும் அரசு விடுமுறைகளும் மட்டுமே விலக்கு. பெரும்பாலான அலுவலகங்கள் அன்று மூடிக் கிடப்பதைப் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்து போவோம். இன்னொன்றும் அங்கே தெரிந்துகொண்டேன். மூன்று நிமிடத்துக்கு மேல் நின்றாலோ, ஓட்டுநர் வண்டியை விட்டு அகன்றாலோ, அதைச் 'சற்று நின்றது' என்று கொள்ள மாட்டார்கள். சட்டப்படி அது 'நிறுத்தம்' ஆகிவிடும். 'இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு ஒரு நிமிடத்தில் வந்துவிடுகிறேன்' என்ற நம் ஊர்ப் பழக்கத்துக்கு அங்கே இடமில்லை.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையே உள்ள வேறுபாட்டை. வெளிநாட்டு விதிகள் என்று பொதுவாக ஒன்றை மனத்தில் பதித்துக்கொண்டு போவது எவ்வளவு ஆபத்து என்பதை அந்த எல்லைதான் எனக்குக் காட்டியது.

லூட்செர்னில் நாங்கள் தங்கிய வீட்டுத் தெருவில் சாலையோரம் நீலக் கோட்டால் கட்டங்கள் போட்டிருந்தார்கள். சுவிட்சர்லாந்தில் நீலக் கட்டம் என்றால் பணம் கட்டத் தேவையில்லை. வட்டு வைத்தால் போதும். ஜெர்மனியில் வாங்கிய அதே அட்டை அங்கேயும் செல்லும், அடுத்த அரை மணி என்ற கணக்கும் அதேதான். வேலை நாட்களில் பொதுவாக ஒரு மணி நேரம். ஆனால் காலை 11.30க்கும் பிற்பகல் 1.30க்கும் இடையில் வந்தால் 2.30 வரை நிற்கலாம், மாலை ஆறு மணிக்கு மேல் வந்தால் மறுநாள் காலை ஒன்பது வரை நிற்கலாம். நாங்கள் 6.20க்குப் போய்ச் சேர்ந்தோம்; வட்டை 6.30க்கு வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினோம். அங்கே வெள்ளைக் கட்டத்துக்குத்தான், நகரங்களில் பெரும்பாலும், இயந்திரத்தில் பணம் போட வேண்டும். மஞ்சள் கட்டம் வேறு யாருக்கோ ஒதுக்கப்பட்டது. அதில் நிறுத்தக் கூடாது.

கோட்ஹார்ட் சுரங்கத்தைக் கடந்து, கியாசோ எல்லையைத் தாண்டி இத்தாலிக்குள் நுழைந்ததும் இது தலைகீழாகிறது. அங்கே நீலக் கோடு கட்டணத்துக்கு, வெள்ளைக் கோடு இலவசத்துக்கு. முதல் நாள் மாலை ஒரு சிற்றூரில் நீலக் கட்டத்தில் வண்டியை நிறுத்தி, பழக்கத்தில் வட்டை எடுத்துத் திருகத் தொடங்கிவிட்டேன். மகள்தான் பத்தடி தள்ளியிருந்த இயந்திரத்தைக் காட்டினாள். அன்று அவள் பார்க்காமல் போயிருந்தால், விதியைச் சரியாகக் கடைப்பிடித்தோம் என்ற முழு நம்பிக்கையோடு அபராதச் சீட்டு வாங்கியிருப்போம். மஞ்சள் மட்டும் இரண்டு நாட்டிலும் ஒதுக்கப்பட்ட இடந்தான்: இத்தாலியில் மாற்றுத்திறனாளிகள், உள்ளூர்வாசிகள், சரக்கு இறக்குவோர் ஆகியோருக்கு. கருவுற்ற பெண்களுக்கும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையோடு வருவோருக்கும் இளஞ்சிவப்புக் கட்டங்கள் உண்டு. அவற்றில் நிறுத்தவும் நகராட்சி தரும் அனுமதி அட்டை வேண்டும்.

இத்தாலியப் பலகைகளை மொழி தெரியாமலேயே ஓரளவு படித்துவிடலாம் என்பது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. குறுக்காக வைத்த இரண்டு சுத்தியல்கள் இருந்தால் திங்கள் முதல் சனி வரை. சிலுவைக் குறி இருந்தால் ஞாயிறும் விடுமுறை நாட்களும். பக்கத்தில் போட்டிருக்கும் மணி நேரத்துக்கு வெளியே அந்த விதி பொருந்தாது. வெள்ளைக் கோட்டிலும் சில இடங்களில் வட்டு வைக்கச் சொல்லும் பலகை இருக்கும். அதோடு, தெருவைக் கூட்டிக் கழுவும் நாளுக்கென்று தனிப் பலகை இருக்கும்; மாதத்தில் ஒன்றிரண்டு இரவுகள் மட்டுமே பொருந்தும் அந்தப் பலகையைக் கவனிக்காமல் போனால் வண்டியை இழுத்துச் சென்றுவிடுவார்கள். பலகையில் இழுவை வண்டியின் படம் இருந்தால், அது வெறும் மிரட்டல் என்று எண்ண வேண்டாம்.

அந்தச் சிற்றூரில் அம்மா கேட்டது இன்னும் காதில் ஒலிக்கிறது: "ஏங்கண்ணு, ஊருக்குள்ள இவ்வளவு எடம் காலியாக் கெடக்குது, இங்கயே நிறுத்திக்கலாமல்ல? எதுக்கு அத்தன தூரம் போயி நிறுத்தணும்?" அம்மாவுக்கு முழங்கால் வலி. கல் பாவிய மேட்டுத் தெருக்களில் நூறு அடி நடப்பதே அவருக்குப் பெரும்பாடு. அந்த இடங்கள் காலியாகக் கிடந்ததற்குக் காரணம், வெளியார் வண்டி அங்கே நுழையவே முடியாது என்பதுதான். இத்தாலியின் பழைய நகரங்கள் பலவற்றில், கோட்டைச் சுவருக்கு உட்பட்ட பகுதி 'கட்டுப்படுத்தப்பட்ட போக்குவரத்து மண்டலம்', சுருக்கமாக இசட்.டி.எல். வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம், அதற்கு மேலே எழுத்து, நேரம், பக்கத்தில் ஒரு கேமரா. தடுப்புக் கம்பமோ காவலரோ இருப்பதில்லை. மின்பலகையில் 'வார்கோ அத்தீவோ' என்று எரிந்தால் கட்டுப்பாடு நடப்பில் இருக்கிறது என்று பொருள். நடுவில் 'நோன்' என்ற சொல் சேர்ந்திருந்தால் போகலாம். அத்தீவோ என்ற சொல்லைப் பார்த்து, வழி திறந்திருக்கிறது என்று புரிந்துகொள்பவர்கள் ஏராளம். திறந்திருப்பது வழியல்ல, கேமராவின் கண். வழிகாட்டிச் செயலி இந்த எல்லையை எப்போதும் எச்சரிக்கும் என்று நம்பவும் கூடாது.

என் அபராதம் இந்த மண்டலத்தில்தான் விழுந்தது. அம்மாவின் முழங்காலை மனத்தில் வைத்து, அந்த ஓர் ஊரில் மட்டும் சுவருக்கு உள்ளே இருந்த சிறிய விடுதியில் அறை எடுத்திருந்தேன். தங்கும் விருந்தினர் வண்டியின் பதிவு எண்ணை விடுதி முன்கூட்டியே பதிந்துவிட்டால் உள்ளே போக அனுமதி உண்டு. கார் கைக்கு வந்த அன்றே எண்ணை அனுப்பினேன். பதிந்துவிட்டோம் என்று பதிலும் வந்தது. ஆனால் இரண்டாம் நாள் என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்ததால், வாடகை நிறுவனம் வேறு வண்டி மாற்றித் தந்தது. புதிய வண்டியின் எண்ணை விடுதிக்குத் தெரிவிக்க எனக்குத் தோன்றவே இல்லை. அனுமதி பெற்ற வண்டி ஜெர்மனியில் பட்டறையில் நிற்க, அனுமதி பெறாத வண்டியில் நான் வாயிலைக் கடந்தேன். சில ஊர்களில் நுழைந்த பிறகும் குறிப்பிட்ட அவகாசத்துக்குள் எண்ணைச் சேர்க்க விடுதியால் முடியும். அன்று மாலையே வரவேற்பில் பதிவு எண்ணை ஒருமுறை சரிபார்த்திருந்தால் தீர்ந்திருக்கக் கூடியது.

ஊர் திரும்பி ஐந்து மாதம் கழித்துக் கடன் அட்டையில் ஒரு தொகை பிடித்தம் ஆனது. அதுதான் அபராதம், முடிந்தது என்று எண்ணினேன். அது, ஓட்டியவரின் பெயரையும் முகவரியையும் இத்தாலிய அதிகாரிகளுக்குத் தெரிவித்ததற்காக வாடகை நிறுவனம் எடுத்துக்கொண்ட நிர்வாகக் கட்டணம் மட்டுமே. ஒப்பந்தத்தில் நான் கையெழுத்திட்ட பக்கத்திலேயே அது இருந்தது. உண்மையான அபராதக் கடிதம் 2024 மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பதிவுத் தபாலில் கோவைக்கு வந்தது. வண்டியின் எண், வாயிலின் பெயர், நாள், மணி, நிமிடம் எல்லாம் துல்லியமாக இருந்தன. 83 யூரோ, அதற்கு மேல் தபால் செலவு. கடிதம் கிடைத்த ஐந்து நாட்களுக்குள் கட்டினால் முப்பது விழுக்காடு தள்ளுபடி உண்டு; அப்போது 58.10 யூரோ. அந்த ஐந்து நாளில் சனியும் ஞாயிறும் அடங்கும். கடிதத்தில் குறிப்பிட்டிருந்த தளத்தில் ஞாயிறன்றே அட்டை மூலம் கட்டினேன். மேல்முறையீட்டுக்கும் வழி எழுதியிருந்தார்கள். தவறு என்னுடையது என்பதால் அதைப் பற்றி யோசிக்கவில்லை. இப்படிக் கடிதம் வந்தால் போலி என்று ஒதுக்கிவிட வேண்டாம் என்று நண்பர்களுக்குச் சொல்லி வருகிறேன். எண்ணும் நேரமும் நம் பயணத்தோடு பொருந்துகின்றனவா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

இத்தனைக்கும், மற்ற ஊர்களில் அம்மாவை அதிகம் நடக்க வைக்காமலேயே வெளியில் நிறுத்த முடிந்தது. சான் ஜிமிஞ்ஞானோவில் சுவருக்கு வெளியே எண்ணிட்ட நிறுத்துமிடங்கள் இருக்கின்றன; அவற்றில் இரண்டாம் எண்ணான மோந்தேமாஜ்ஜோ, புனித ஜொவான்னி வாயிலுக்கு மிக அருகில் இருக்கிறது. முதலாம் எண்ணில் கட்டணம் குறைவு, ஆனால் நடை அதிகம். ஃபிளாரன்ஸுக்கு ஏ1 நெடுஞ்சாலையிலிருந்து நேரடியாகவே வில்லா கோஸ்தான்ஸா நிறுத்துமிடத்துக்குள் நுழைந்துவிடலாம். நகரத்துக்குள் சக்கரம் படவே தேவையில்லை. அங்கிருந்து டி1 டிராமில் ஏறி உட்கார்ந்தால் அரை மணிக்குள் சாந்தா மரியா நோவெல்லா நிலையம். எனக்கு மிகவும் பிடித்தது சியன்னா. மலையடிவாரத்தில் சாந்தா கத்தரீனா நிறுத்துமிடத்தில் வண்டியை விட்டுவிட்டு, அடுத்தடுத்து வரும் நகரும் படிகளில் ஏறினால் பேராலயத்தின் பக்கமே கொண்டுபோய் விடுகின்றன. "இதுமாதிரி நம்ம மருதமலைக்கும் இருந்தா எத்தன நல்லா இருக்கும்" என்று அம்மா சொன்னார். விடுதியை நான் ஊருக்கு உள்ளே தேடியிருக்கவே வேண்டாம். நகரும் படிக்கட்டு உள்ள நிறுத்துமிடத்தைத் தேடியிருக்க வேண்டும்.

செயலி மூலம் கட்டணம் செலுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு மண்டல எண் உண்டு; சாலையின் ஒரு பக்கம் ஒரு எண்ணும் எதிர்ப்பக்கம் வேறு எண்ணும் இருக்கக்கூடும். இருப்பிடத்தைக் கண்டறிந்து செயலி தானே காட்டும் எண்ணை ஏற்றுக்கொள்ளாமல், கம்பத்தில் உள்ளதைப் பார்த்து ஒப்பிட்ட பிறகே பணம் கட்டுவேன். இயந்திரமானால் பதிவு எண்ணைத் தட்டச் சொல்லும். இத்தாலியில் திரையில் 'தார்கா' என்று வருவது அதுதான். வண்டியை விட்டு நகர்வதற்கு முன், பலகையையும் தரையிலுள்ள கோட்டையும் முன்கண்ணாடியில் தெரியும் சீட்டையும் மூன்று படங்களாக எடுத்துக்கொள்வது இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அந்தப் படங்களையும் சீட்டுகளையும் ஊர் திரும்பியதும் அழித்துவிடக் கூடாது. வெளிநாட்டில் வசிப்பவருக்கு அறிவிப்பு அனுப்ப இத்தாலியச் சட்டம் 360 நாள் தருகிறது. வாடகை வண்டியில் அந்தக் கணக்கு, ஓட்டியவர் யார் என்று அவர்களுக்குத் தெரிந்த நாளிலிருந்துதான் தொடங்கும் என்பதால் ஓராண்டைத் தாண்டியும் கடிதம் வரலாம். சியன்னாவிலும் சான் ஜிமிஞ்ஞானோவிலும் வாங்கிய சீட்டுகளை, நீல வட்டுடன் சேர்த்து ஒரு உறையில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். சூட்டில் எழுத்து மங்கும் தாள் என்பதால் ஒவ்வொன்றையும் முதலில் படமெடுத்துக்கொண்டேன். அந்த உறையைப் பிரித்துச் சீட்டுகளைக் கிழித்துப் போட்டது 2025 தை மாதத்தில்தான். வட்டை மட்டும் தங்கை அடுத்த முறை வந்தபோது அவளிடம் கொடுத்தனுப்பினேன்.